சின்னாத்தா பூஜ்யமான ஞாயிறு

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பைச் செய்தவன் நான். முந்தைய வரைவுகளில் இதைப் பாதிக் கதை வரை மறைத்து வைத்து, பிறகு போட்டு உடைப்பதாகத் திட்டம். எழுதிப் பார்த்தால், எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடுவதுபோல் இருந்தது. அதனால் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி நாம் நிம்மதியாகப் பேசலாம்.

தொடக்கங்கள் நிறைய எழுதினேன். குப்பைக்குப் போனவற்றில் மூன்றை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்.

"திருமயம் கோட்டைக்கு மேல் சூரியன் ஏறிக்கொண்டிருந்த வேளையில்..." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கோட்டைக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. ஊருக்குப் போகும் பஸ் அந்த வழியாகப் போகும், அவ்வளவுதான்.

"பிளாக்செயின் என்பது பரவலாக்கப்பட்ட, மாற்றவியலாத..." இந்த இடத்தில் என் மனைவி மீனாக்ஷி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கணவனை இழந்த இந்துமதி ஜன்னலோரம் நின்று வானத்தை வெறித்தாள்." இது சுத்தப் பொய். இந்துமதி என் சின்னாத்தா, காலமான என் சித்தப்பாவின் மனைவி. வீடு கீரனூரில், வேலை திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில். தினமும் காலை ஏழே முக்காலுக்கு பஸ் ஏறுகிறார். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவார். வானத்தை வெறிக்க அவருக்கு நேரம் கிடையாது.

2

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரைபோல் இருக்கும். தாண்டிப் போனால் பின்னால் நடப்பது விளங்காது, ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் பெயர் ஆதப்பன். திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு கிளவுட் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய வீடு இருக்கிறது. பங்காளிகள் என்றால் ஒரே கொள்ளுத்தாத்தா வழியில் வந்த குடும்பங்கள். யாரும் அங்கே வசிப்பதில்லை. அந்த வீட்டைப் பற்றி உருகி எழுத எனக்கு வராது. அங்கே வௌவால் உண்டு, மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணும். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்று ஏதாவது வந்தால் மட்டும் திறப்போம். திறக்கலாமா வேண்டாமா என்பதைப் பங்காளிகள் புள்ளிக் கணக்கில் முடிவு செய்வார்கள்.

புள்ளி என்பது எங்கள் ஆட்களின் தலைக்கணக்கு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. ஆணோ பெண்ணோ, அதே அரைதான். இன்றைய தேதிக்கு எங்கள் வீட்டில் ஐந்து முழுப்புள்ளி, மூன்று அரைப்புள்ளி. ஆக மொத்தம் ஆறரை. இந்த ஆறரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு கணக்கு எதுவும் கேட்க மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசல் கதவுக்கு எலெக்ட்ரானிக் பூட்டு போட்டோம். அதை இயக்க நான் ஒரு பங்ஷன் எழுதினேன். சர்வர்லெஸ் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். நிரலின் ஒரு சின்னத் துண்டு கிளவுடில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் எழுந்து வரும், வேலையை முடிக்கும், மறுபடி தூங்கப் போய்விடும். அதற்கென்று ஒரு மெஷினை வாங்கி வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை. வருஷம் பூராவும் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கு மட்டும் எழுந்துகொள்ளும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலைக்காரன் கிடைக்க மாட்டான் என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

பங்காளிகள் போனில் ஆமாம் அல்லது இல்லை என்று அழுத்துவார்கள். பங்ஷன் எழுந்து கூட்டிப் பார்க்கும். ஆமாம் அதிகமானால் பூட்டு திறக்கும். அரையையும் ஒழுங்காக அரை என்றே கூட்டியது. ஒரு குறையும் இல்லை.

குறை கண்டுபிடித்தவர் சிங்கப்பூரில் இருக்கும் கணபதி அண்ணன்.

"ஏம்ப்பா ஆதப்பா, அந்தப் பங்ஷன் யாரு அக்கவுண்ட்ல ஓடுது?"

"என் அக்கவுண்ட்லதாண்ணே."

"அப்ப அது ஒம்பேச்சத்தானே கேக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. நான் நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக அதை மாற்றலாம், ஒருவருக்கும் தெரியாது. அதனால் அதே பங்ஷனைக் கிளவுடிலிருந்து பிடுங்கி பிளாக்செயின் என்னும் சங்கிலியில் நட்டேன். பங்காளிகள் இருக்கும் ஏழு வீட்டிலும் ஏழு சின்னப் பெட்டிகள், டிபன் பாக்ஸ் அளவில்.* ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகக் கணக்குப் போடும். எல்லாம் ஒரே விடை சொன்னால்தான் பூட்டு கேட்கும். நட்ட பங்ஷனை யாரும் தனியாகத் தொட முடியாது, எழுதிய நானும்தான். மாற்ற வேண்டுமானால் அதற்கும் பங்காளிகளின் பெரும்பான்மை வேண்டும்.

* வாக்கு எட்டு, பெட்டி ஏழு. கணபதி அண்ணனின் ஆத்தா ஆவுடையாள் ஆச்சி மகன் வீட்டிலேயே இருக்கிறார். இந்த அடிக்குறிப்பைத் தேவையில்லாமல் போடவில்லை.

3

இப்போது கல்யாணம்.

சின்னாத்தாவின் மகள் வைஷ்ணவி கட்டிக்கொள்ளப் போவது கோபிநாத்தை. கீரமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம், பையன் நம்மவர் இல்லை. கல்யாணத்தை யாரும் தடுக்கவில்லை, தடுத்தாலும் வைஷ்ணவி கேட்கிற ஆளில்லை. கேள்வியெல்லாம் அந்தக் கல்யாணத்துக்குப் பொது வீட்டைத் திறப்பதா என்பதுதான். மூன்று குடும்பம் கூடாது என்றது, அதில் கணபதி அண்ணனும் ஒருவர். நானும் மீனாக்ஷியும் மலேசியாவில் இருக்கும் இன்னொரு குடும்பமும் திறக்கலாம் என்றோம்.

"மண்டபம் புடிச்சா ஆகாதா சின்னாத்தா?" என்று நான்கூட ஒருதரம் கேட்டேன்.

"ஆகும். ஒங்க சித்தப்பா போனதுலேருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான் ஆகுது. பத்திரிகையில பேரு கடைசில போட்டாலும் ஆகும், படைப்புக்குச் சொல்ல மறந்துட்டாலும் ஆகும். எம்மக அந்த வாசல்ல மாலையோட நிக்கணும் ஆதப்பா. நாளைக்கு அவள நீ எந்த வீட்டுப் பொண்ணுன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது."

(இந்தப் பேச்சு என் முதல் மூன்று வரைவுகளிலும் கிடையாது. அங்கே சின்னாத்தா கண் கலங்குவார், தலை குனிவார், அழகாகப் பெருமூச்சு விடுவார். வாயைத் திறக்க மாட்டார். பதினொரு பக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட வசனம் இல்லை என்று மீனாக்ஷிதான் எண்ணிச் சொன்னாள். "பெட்டிய மட்டும் திட்டுறீங்களே" என்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

4

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாக்கு. புதிய சங்கிலிக்கு அதுதான் முதல் வேலை. எட்டுப் பேரும் அழுத்தினார்கள். பெட்டிகள் விழித்தன. ஒரே நொடியில் ஏழும் ஒரே விடையைச் சொல்லின. சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை, கீரனூர், எல்லா ஊரும் ஒரே சொல்.

ஆமாம் 2. இல்லை 3. கதவு திறக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படம் போட்டேன். "ஏழு பெட்டியும் ஒத்துப்போனது, மாபெரும் வெற்றி" என்று எழுதினேன். எண்ணைப் பார்க்கவே இல்லை. ஏழும் ஒன்றுபோல் இருந்ததை மட்டும் பார்த்து மயங்கிப் போனேன். இந்தப் பத்தியை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்னாத்தாவின் போன். பின்னால் பஸ் ஹாரன்.

"ஆதப்பா, நான் எங்க இருக்கேன்?"

"பஸ்ல இருக்கீங்க போல."

"அதக் கேக்கல. ரெண்டு, மூணு, ஆக மொத்தம் அஞ்சு. அந்த அஞ்சுல நான் எங்க இருக்கேன்? லக்ஷ்மணன் அத்தான் எங்க? ஆவுடையாள் ஆச்சி எங்க? நாங்க மூணு பேருமே ஆமாம்னுதான் அழுத்துனோம்."

லக்ஷ்மணன் என்பவர் சென்னையில் இருக்கும் என் பெரியப்பா, மனைவியை இழந்தவர். மூன்றாவது அரைப்புள்ளி.

சின்னாத்தா விடவில்லை. "டாக்டர் அரை மாத்திரைன்னு எழுதுனா நான் மாத்திரையே இல்லாம அனுப்புவேனா? அரைன்னா அரை இருக்கணும்ல?"

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. கிளவுடில் ஒரே மெஷின் கணக்குப் போடும், அது சொன்னதுதான் விடை. ஏழு பெட்டிகள் தனித்தனியாகப் போட்டால், பின்னக் கணக்கில் ஒன்று கடைசி இலக்கத்தை இப்படி முடிக்கும், இன்னொன்று அப்படி முடிக்கும், ஒத்துப்போகாது. அதனால் நாங்கள் எடுத்த சங்கிலியில் முழு எண்கள் மட்டும்தான் உண்டு. அங்கே ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை வராது. மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பூஜ்யம் என்று சொல்லும். இது எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். ஆனால் சோதனை ஓட்டத்துக்கு நான் கொடுத்த ஆட்கள் எல்லாம் தம்பதிகள். அரை ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

உண்மையான கணக்கு என்ன? ஆமாம் பக்கம் இரண்டு தம்பதி, மூன்று அரை. மூன்றரை. இல்லை பக்கம் மூன்று. சின்னாத்தா ஜெயித்திருக்கிறார். நான் அவரைப் பூஜ்யமாக்கித் தோற்கடித்திருக்கிறேன், கைதட்டியும் இருக்கிறேன்.

லக்ஷ்மணன் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒங்க பெரியம்மா போன அன்னைக்கே நான் பாதி. மிச்சப் பாதியையும் நீ முடிச்சுட்டியாக்கும்" என்றார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

5

திருத்தம் ஐந்து நிமிஷ வேலை. புள்ளியை எண்ணாதே, ஆளை எண்ணு. தம்பதிக்கு இரண்டு, தனியாக இருப்பவருக்கு ஒன்று. பின்னமே வராது. ஆறரை போய்ப் பதின்மூன்று ஆகும். எழுதி முடித்துவிட்டு இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று மேஜையில் முட்டிக்கொண்டேன்.

ஆனால் நட்டாயிற்றே. நானே தொட முடியாது என்று நானே பெருமை பேசினேனே. திருத்துவதற்குப் பெரும்பான்மை வேண்டும். அந்தப் பெரும்பான்மையை எண்ணப்போவது யார்? அதே பழைய பங்ஷன். சின்னாத்தாவும் பெரியப்பாவும் ஆச்சியும் எத்தனை தரம் ஆமாம் என்று அழுத்தினாலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அவர்களை எண்ண வேண்டுமா என்ற கேள்வியிலேயே அவர்களை எண்ணவில்லை. எதிர்த்த மூன்று குடும்பங்களில் ஒன்றாவது மனசு வைத்தால்தான் முடியும். அப்படி மனசு வைப்பவர் தன் தோல்விக்குத் தானே கையெழுத்துப் போடுகிறார்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லா வரியும் தயார். இடம் என்ற வரி மட்டும் காலி.

இந்த இடத்தில் கதையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பூட்டுக்கு ஓர் அவசர எண் உண்டு, தீ விபத்து மாதிரி நேரத்துக்கு. அது என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சின்னாத்தாவிடம் சொன்னேன். "நான் தொறந்துவிட்டுர்றேன். எம்மேலதான் தப்பு, நான் பாத்துக்குறேன்."

"திருட்டுத்தனமா தொறந்த வீட்லயா எம்மக தாலி வாங்கணும்? ஒன் நம்பர நீயே வச்சுக்க."

பிறகு, "எல்லாருக்கும் முன்னாடி நீ பண்ணுனதச் சொல்லு. அது போதும்" என்றார்.

6

கணபதி அண்ணன் ஒரு பாத்திரமாக எனக்கு ரொம்பத் தொல்லை கொடுத்தார். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன், உருட்டும் விழி கொடுத்தேன், அவர் மேஜையைத் தட்டி, "என் உயிர் இருக்கும் வரை..." நிறுத்திவிட்டேன். நிஜத்தில் அவருக்கு வழுக்கை, மீசை கிடையாது. வீட்டில் காப்பி போடுவது அவர்தான். தன் ஆத்தாவுக்கு மூட்டு வலி என்று ஆபீசை விட்டுச் சீக்கிரம் வருவார். அப்படிப்பட்டவரை வில்லனாக்கக் கொஞ்சம் திறமை வேண்டும், என்னிடம் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீடியோ அழைப்பில் வந்தார்கள். நான் எழுதி வைத்துப் படித்தேன். தப்பு என்னுடையது, மூன்று பேரைக் கூட்டாமல் விட்டுவிட்டேன், திருத்தினால் ஞாயிற்றுக்கிழமை முடிவு மாறும். மன்னிப்புக் கேட்டேன். கணபதி அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. ஏழுக்கு ஆறு. அவர் தோற்பார்.

"ஆத்தாவயும் பூஜ்யம்னுதான் போட்டுச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

"எங்க வீட்டுப் பெட்டியும் அப்படித்தான் சொல்லுச்சா?"

"ஏழும் அதத்தாண்ணே சொல்லுச்சு."

அவருக்குப் பின்னாலிருந்து ஆவுடையாள் ஆச்சியின் குரல் வந்தது. ஆள் திரையில் இல்லை. "கணபதி, நான் இன்னும் இருக்கேன்னு அந்தப் பெட்டிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுப்பா."

சின்னாத்தா மருந்தகத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவில்லை.

"கணபதி தம்பி, நீங்க கல்யாணத்துக்கு வீடு வேணாம்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது ஒங்க வாக்கு. என் வாக்க மட்டும் எண்ணச் சொல்லுங்க. எண்ணித் தோத்தா மண்டபத்துக்குப் போறேன்."

கணபதி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கல்யாணத்துக்கு நான் இல்லதான். அதுல மாத்தம் இல்ல. திருத்தத்துக்கு ஆமாம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்றார். எங்கள் கண் முன்னாலேயே அழுத்தினார்.

மற்ற இரண்டு குடும்பமும் இல்லை என்றே அழுத்தியது. பழைய பங்ஷன் கடைசியாக ஒருமுறை எழுந்து, தனக்குத் தெரிந்த மொண்ணைக் கணக்கில் கூட்டியது. திருத்தத்துக்கு ஆமாம் 3, இல்லை 2. தன் இடத்தைப் புதியதற்கு விட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனது. அது இனி எழாது.

(இந்தக் காட்சியை எழுதி முடித்து எழுந்து இரண்டு தடவை வீட்டைச் சுற்றி நடந்தேன். தோற்போம் என்று தெரிந்தே ஒரு மனுஷன் நேராக அழுத்தினான். அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லத்தான் மற்ற பக்கங்களை எழுதினேன் போலிருக்கிறது.)

7

வியாழக்கிழமை காலை பத்து மணி. மறுபடி வாக்கு. ஊரில் வீட்டுக்கு எதிரில் குடியிருக்கும் பிச்சைமுத்து, தோட்டத்தையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்பவர், வாசலில் நின்று போனைக் கதவுக்கு நேரே பிடித்திருந்தார். பாதித் திரை அவர் கட்டைவிரல்.

எட்டுப் பேர் அழுத்தினோம். இந்தமுறை நான் பெட்டிகளைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தேன்.

ஆமாம் 7. இல்லை 6.

பூட்டு கிர்ரென்றது. "தொறந்துருச்சுங்க! ஆச்சி, தொறந்துருச்சுங்க!" என்று பிச்சைமுத்து சின்னாத்தாவைக் கூப்பிட்டுக் கத்தினார். கதவைத் தள்ளினார், வௌவால் ஒன்று அவர் தலைக்கு மேல் பறந்தது, "அங்கிட்டுப் போ!" என்று அதையும் அதட்டினார். மீனாக்ஷி விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். லக்ஷ்மணன் பெரியப்பா, "நான் முழுசா ஒண்ணு, கேட்டுக்கங்க, ஒண்ணு!" என்று சின்னப்பிள்ளைபோல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சின்னாத்தாவிடம் மருந்துச் சீட்டோடு யாரோ வந்து நிற்க, "ஒரு நிமிஷங்க" என்றார். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "பத்திரிகைக்காரருக்குச் சொல்லிடு ஆதப்பா. எடம், நம்ம வீடு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் முதல் வரைவில் எழுதிய கலக்கம் அது இல்லை.

8

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதல் முடிவில் கணபதி அண்ணன் கல்யாணத்தன்று விமானத்திலிருந்து நேரே வந்து, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து... அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனசு மாறியதாக எங்கும் சொல்லவில்லையே.

இரண்டாம் முடிவில் அவர் வரவில்லை. ஆச்சி மட்டும் வருகிறார். இதை எழுதியபோது மீனாக்ஷி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது, எல்லோரும் பெட்டிகளைச் சுற்றி நின்று... வேண்டாம். பெட்டிகளுக்கு இந்தக் கதையில் போதுமான இடம் கொடுத்தாகிவிட்டது.

இதை எழுதும் இன்று கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஒன்பது நாள் காத்திருந்தால் நடந்ததையே எழுதிவிடலாம். நான் காத்திருக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. மிச்சத்தை உங்களிடம் தருகிறேன், நீங்களும் ஓர் ஆள்தானே, உங்களையும் எண்ண வேண்டாமா? அதற்கு முன் நேற்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சமையல் ஏற்பாடு பேசச் சின்னாத்தாவோடு ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் பந்திக்குப் பாய் அளந்துகொண்டிருந்தார் பிச்சைமுத்து.

"ஆச்சி, பங்காளி வீட்டுப் பந்திக்கு எத்தன எலைங்க?"

சின்னாத்தா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "ஆதப்பன் வீட்டுக்கு ரெண்டு. மலேசியாவுக்கு ரெண்டு. லக்ஷ்மணன் அத்தானுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. வேணாம்னு சொன்ன அந்த ரெண்டு வீட்டுக்கும் நாலு போடுங்க."

"சிங்கப்பூருக்குங்க?"

நான் தரையைப் பார்த்தேன். கணபதி அண்ணன் வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்திரிகை கிடைத்ததற்குக் குழுவில் ஒரு கைகூப்பும் படம் போட்டார், அத்தோடு சரி.

"கணபதி தம்பிக்கும் அவுக வீட்டுக்காரிக்கும் ரெண்டு, ஆவுடையாள் ஆச்சிக்கு ஒண்ணு" என்றார் சின்னாத்தா. "ஆக மொத்தம் பதின்மூணு. எண்ணிக்கங்க. வந்தாலும் வராட்டியும் எலை போட்டிருக்கணும்."